ஒரே மேப்பில் விமானியும் வீரனும்

பலர் ஒன்றாக ஆடும் சுடும் விளையாட்டுகளில் விமானத்தையும் ஹெலிகாப்டரையும் சேர்ப்பது, அவற்றை வடிவமைப்பவர்களுக்கு இன்றுவரை முழுமையாகப் பிடிபடாத வேலை. தரையில் ஓடும் ஆட்டக்காரருக்குச் சுவரும் மரமும் மேடும் சில நேரம் தடை, சில நேரம் மறைவு. வானத்தில் இருப்பவருக்கு இவை ஒரு பொருட்டே அல்ல. அவர் எல்லாவற்றையும் மேலிருந்து பார்க்கிறார். தரையில் ஓடுபவர் சில நிமிடங்களில் கடக்கும் தூரத்தைச் சில நொடிகளில் கடக்கிறார். நிலைமை சரியில்லை என்று தோன்றினால் சண்டையை விட்டு விலகிப் போய்விடுகிறார். 64 பேர் ஆடும் மேட்சில் இந்த வசதி சிலருக்குத்தான் கிடைக்கும். அவர்கள் கையில் வலிமை கூடினால் மற்றவர்களின் ஆட்டம் கெடுகிறது. குறைந்தால் விமானத்தில் ஏற யாரும் வருவதில்லை. ஓட்டுவதைக் கடினமாக்கினால் புதியவர்கள் ஏறிய வேகத்தில் மலையில் மோதுகிறார்கள். மிக எளிதாக்கினால் தரையில் நடக்க ஆளே மிஞ்சுவதில்லை.

தமிழ்நாட்டில், அதிலும் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் போன்ற ஊர்களில், இந்த விளையாட்டுகள் பரவியது விலையுயர்ந்த கணினி வழியாக அல்ல, கைபேசி வழியாக. அந்தக் கைபேசிக்கு ஹெலிகாப்டரை முதலில் பெரிய அளவில் கொண்டுவந்தவற்றில் பப்ஜி மொபைலின் 'பேலோட்' ஆட்டமுறை முக்கியமானது. அது 2019 அக்டோபரில் வந்தது. திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமான நவம்பர் 22-க்குச் சில வாரங்கள் முன்பு. பேலோடில் ஹெலிபேடுகளில் ஹெலிகாப்டர்கள் நின்றன. அவற்றோடு சேர்ந்தே ஆர்பிஜி-7 ராக்கெட்டும், தோளில் வைத்து ஏவும் குறிதொடரும் ஏவுகணையும் மேப்பில் கிடைத்தன. செத்துப்போன கூட்டாளியைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் கோபுரங்களும் இருந்தன. வானத்திலிருந்து வரும் ஆபத்தும், அதைத் தடுக்கும் ஆயுதமும், அதில் மாண்டவருக்கு மறுவாய்ப்பும் ஒரே நாளில் வந்தன என்பது தற்செயல் அல்ல. வழக்கமான கிளாசிக் ஆட்டத்தில் அந்த ஹெலிகாப்டரைச் சேர்க்காமல் தனி ஆட்டமுறையாக வைத்ததும் அப்படியே. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைலுக்கு இந்தியாவில் தடை வந்தது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் அதன் இந்தியப் பதிப்பு வெளியானது. இடையில் என்ன நடந்திருந்தாலும், பேலோட் காட்டிய ஏற்பாடு இந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ள நல்ல தொடக்கம்.

முதலில், ஓட்டுவது ஏன் கடினம் என்பதைப் பார்க்க வேண்டும். தரையில் ஆடுபவர் ஒரு கட்டைவிரலால் நடக்கிறார், இன்னொன்றால் பார்வையைத் திருப்புகிறார். பார்க்கும் திசையில் துப்பாக்கி சுடுகிறது. ஜெட் விமானத்தில் நான்கு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்: மூக்கை மேலும் கீழும் அசைப்பது, சிறகைச் சாய்ப்பது, மூக்கைப் பக்கவாட்டில் திருப்புவது, வேகத்தைக் கூட்டிக் குறைப்பது. புதியவர் இடப்பக்கம் போக நினைத்து இடப்பக்கம் அழுத்துகிறார். விமானம் சாய்கிறது, ஆனால் திரும்புவதில்லை. சாய்த்த பிறகு மூக்கைத் தன் பக்கம் இழுத்தால்தான் அது வளையும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். ஹெலிகாப்டரின் குணம் வேறு. முன்னே போக மூக்கைத் தாழ்த்த வேண்டும். தாழ்த்தினால் வேகம் வரும், உயரம் குறையும். வேகமாகப் போகும் ஆசையில் மூக்கை முழுதாகக் கவிழ்த்துத் தரையில் விழாமல் ஹெலிகாப்டர் பழகியவர் அரிது. இத்தனைக்கும் நடுவில் குறிபார்த்துச் சுடவும் வேண்டும். கைபேசியில் கூடுதலாக ஒரு தொல்லை: ஓட்டும் இரண்டு கட்டைவிரல்களும் திரையின் இரு மூலைகளை மறைத்துவிடுகின்றன. எதிரி பெரும்பாலும் அந்த மூலையில்தான் இருக்கிறான்.

கணினியில் இந்தக் கதையை 2002-லிருந்து தொடங்கலாம். சுவீடனின் டைஸ் நிறுவனம் அந்த ஆண்டு வெளியிட்ட 'பேட்டில்ஃபீல்டு 1942', ஒரே மேப்பில் 64 பேர் வரை ஆட இடம் தந்தது. நடந்தும் ஜீப்பிலும் டாங்கிலும் கப்பலிலும் விமானத்திலும் ஆடலாம். இரண்டாம் உலகப்போர்க் கால விமானங்கள் வேகம் குறைந்தவை என்பதால் தரையில் இருந்தவர்களுக்குச் சமாளிக்க முடிந்தது. 2005-ல் வந்த 'பேட்டில்ஃபீல்டு 2' நவீன ஜெட்களைக் கொண்டுவந்தது, சமநிலை குலைந்தது. சீனத் தரப்புக்குக் கொடுக்கப்பட்ட ஜே-10 விமானத்தை நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவர் இருந்தால் எதிரணியின் விமானங்கள் ஓடுபாதையை விட்டு எழும்புவதே அரிதாக இருந்தது. அந்த விளையாட்டை ஆடியவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கும் குறை அது.

2011-ல் வெளியான 'பேட்டில்ஃபீல்டு 3' வேறொரு தவறைச் செய்தது. அது வடிவமைப்பு படிக்கும் எவரும் தெரிந்திருக்க வேண்டிய தவறு. அதில் ஜெட்டில் முதன்முறை ஏறுபவருக்கு ஒரு பீரங்கித் துப்பாக்கி மட்டுமே இருக்கும். துரத்தி வரும் ஏவுகணையை ஏமாற்றும் ஃபிளேர், அதாவது சூடாக எரிந்து ஏவுகணையைத் திசைதிருப்பும் தீப்பந்தம், கிடையாது. அதைப் பெற ஜெட்டில் பறந்து புள்ளி சேர்க்க வேண்டும். புள்ளி சேர்க்க உயிரோடு பறக்க வேண்டும். உயிரோடு பறக்க ஃபிளேர் வேண்டும். எதிரே வரும் பழைய ஆட்டக்காரரிடமோ ஃபிளேரும் இருக்கிறது, ஏவுகணையும் இருக்கிறது. பறக்கத் தெரியாதவருக்குக் குறைந்த கருவியும், நன்கு தெரிந்தவருக்கு முழுக் கருவியும் கொடுத்த இந்த முறை, ஆர்வத்தோடு வந்த பலரை வானத்திலிருந்தே விரட்டியது. பறந்து பழக ஆளில்லாத இடம் ஒன்றும் அதில் இல்லை. 2013-ல் வந்த 'பேட்டில்ஃபீல்டு 4'-ல்தான் யாரும் சுடாத சோதனைத் திடல் ஒன்று சேர்க்கப்பட்டது.

அந்த நான்காம் பாகத்திலும் ஒரு மறைபொருள் இருந்தது. அதில் ஜெட் மிகக் குறுகிய வட்டத்தில் திரும்புவது, வேகமானியில் 313 என்ற எண் தெரியும்போதுதான். அதற்கு மேலே போனாலும் கீழே வந்தாலும் வட்டம் அகன்றுவிடும். இரண்டு ஜெட்கள் ஒன்றையொன்று வட்டமிட்டுத் துரத்தும்போது, 313-ஐ விடாமல் பிடித்திருப்பவர் மெல்ல மெல்ல மற்றவரின் வால்பக்கம் வந்துவிடுவார். விளையாட்டு இதை எங்கேயும் சொல்லித் தரவில்லை. தெரிந்தவர் தெரியாதவரை ஒவ்வொரு முறையும் வீழ்த்தினார், வீழ்ந்தவருக்கு ஏன் வீழ்ந்தோம் என்பது கடைசிவரை விளங்கவில்லை. 2012-ல் வந்த 'பிளானட்சைடு 2'-இன் போர்விமானங்களிலும் இதே நிலை. அங்கே காற்றில் நின்றபடி பின்னோக்கி நகர்ந்து சுடும் ஒரு வித்தையைக் கற்றவர்கள் வானத்தைத் தங்கள் கைக்குள் வைத்திருந்தார்கள். கற்காதவர்களுக்கு வானம் மூடிக்கிடந்தது.

இந்த எடுத்துக்காட்டுகளுக்கு அடியில் ஒரே எண்ணம் இருக்கிறது. விமானம் ஓட்டக் கடினமானது, ஆகவே அது வலிமையாக இருப்பது நியாயம் என்பதே அந்த எண்ணம். கேட்க நியாயமாகவே தோன்றும். உழைத்துக் கற்றவருக்குப் பலன் வேண்டாமா என்று யாரும் கேட்பார்கள். ஆனால் கடினம் சமநிலை ஆகாது. ஒரு ஆயுதம் கடினமாக இருப்பதால் அதைப் பிடிப்பவர்களின் எண்ணிக்கைதான் குறைகிறது. பிடித்தவரின் கையில் அதன் வலிமை ஒரு துளியும் குறைவதில்லை. நூறு பேரில் தொண்ணூறு பேர் விமானத்தை மோதி உடைக்கிறார்கள், ஐந்து பேர் மேட்சையே முடித்துவைக்கிறார்கள் என்றால், சராசரிக் கணக்கில் விமானம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். தரையில் அந்த ஐவரிடம் சிக்கியவருக்குச் சராசரியால் எந்த ஆறுதலும் இல்லை. அவருக்கு அந்த மேட்ச் வீணானது, அவ்வளவுதான். அவர் தோற்றது தன் பிழையால் அல்ல, தான் தொடவே முடியாத ஒருவரால். இந்த உணர்வுதான் ஒருவரை விளையாட்டை விட்டே போகவைக்கிறது.

எதிர்த் திசையில் போனாலும் பள்ளம் உண்டு. 'ஃபோர்ட்நைட்' 2018 டிசம்பரில் தன் ஏழாம் சீசனில் எக்ஸ்-4 ஸ்டார்ம்விங் என்ற சிறு விமானத்தைச் சேர்த்தது. ஓட்டுபவர் ஒருவர், சிறகின் மேல் நான்கு பேர். ஓட்டுவது மிக எளிது. அந்த விளையாட்டின் உயிர், ஆபத்து வந்த நொடியில் சுவரும் படியும் எழுப்பித் தற்காத்துக்கொள்வது. ஸ்டார்ம்விங் அந்தச் சுவர்களை இடித்துக்கொண்டு நுழைந்தது. ஆட்டக்காரர்களின் குறைகூறல் தொடர்ந்தது, விமானம் படிப்படியாகப் பலவீனமாக்கப்பட்டது. 2019 பிப்ரவரி இறுதியில் எட்டாம் சீசன் தொடங்கியபோது வழக்கமான ஆட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. 'ஜிடிஏ ஆன்லைன்' முழுக்கச் சுடும் விளையாட்டு அல்ல என்றாலும், அதன் ஒப்ரஸர் மார்க் 2 இங்கே சொல்லத் தக்கது. 2018-ல் வந்த அந்தப் பறக்கும் பைக்கை யாரும் சில நிமிடங்களில் ஓட்டிவிடலாம். அதிலிருந்து கிளம்பும் ஏவுகணை தானாகவே இலக்கைத் தேடிப் போகும். சாலையில் சரக்கு ஏற்றிப் போகும் மற்ற ஆட்டக்காரர்களை அது நான்கு ஆண்டுகள் அலைக்கழித்தது. 2022 ஜூலையில்தான் அந்த ஏவுகணையின் துரத்தும் திறன் குறைக்கப்பட்டது. ஓட்டுவதும் எளிது, சுடுவதும் எளிது, தப்பிப்பதும் எளிது என்று மூன்றும் ஒரே வாகனத்தில் கூடியதுதான் அங்கே பிழை. ஓட்டுவது எளிதாக இருந்தது மட்டும் பிழை அல்ல. இந்த வேறுபாட்டைப் பல வடிவமைப்பாளர்களும் தவறவிடுகிறார்கள். ஆட்டக்காரர்களின் சத்தம் கேட்டதும் அவர்கள் முதலில் கைவைப்பது ஓட்டும் எளிமையின் மேல். அதனால் அடிபடுவது புதியவர் மட்டுமே.

சரியான வழி, கடினத்தைக் கைப்பிடியிலிருந்து எடுத்து முடிவெடுப்பதில் வைப்பது. விமானத்தை நேராகப் பறக்கவைக்க யாராலும் முடிய வேண்டும். எப்போது இறங்கித் தாக்குவது, எந்தப் பக்கமாக வருவது, எத்தனை நொடி தங்குவது, எப்போது விட்டுப் போவது என்பதில்தான் தேர்ந்தவரும் புதியவரும் பிரிய வேண்டும். அதற்குத் தரையில் இருப்பவரிடம் எப்போதும் ஒரு பதில் இருக்க வேண்டும்.

அந்தப் பதில்களில் பழமையானது குறிதொடரும் ஏவுகணை. தரைவீரர் அதை வானத்தில் உள்ள இலக்கின் மேல் ஓரிரு நொடி பிடித்திருக்க வேண்டும். லாக் ஆனதும் விமானிக்கு எச்சரிக்கை ஒலி கேட்கும். விமானி ஃபிளேர் வீசினால் ஏவுகணை வழிதவறும். வீசிய ஃபிளேர் மறுபடி நிரம்பச் சிறிது நேரம் ஆகும். இந்த இடைவெளியில்தான் ஆட்டத்தின் சுவை முழுவதும் இருக்கிறது. தரையில் ஒருவர் மட்டும் ஏவினால் விமானி ஃபிளேர் வீசித் தப்பிவிடுவார். இருவர் பேசிவைத்து, முதல்வர் ஏவி ஃபிளேரை வீசவைத்து, அது முடிந்ததும் இரண்டாமவர் ஏவினால் விமானம் விழும். அனுபவமற்ற இருவர் ஒற்றுமையாக இருந்து அனுபவமுள்ள ஒரு விமானியை வீழ்த்த முடிகிறது. விமானிக்கும் மலையின் பின்னால் மறைவது, தாழப் பறந்து லாக்கை உடைப்பது என்று தன் புத்தியைக் காட்ட இடம் இருக்கிறது.

ஆனால் லாக் ஏவுகணையே எல்லாவற்றுக்கும் மருந்து என்று நம்பினால் வேறு நோய் வரும். அதைப் பயன்படுத்தத் தேர்ச்சி தேவையில்லை. பத்துப் பேர் அதைத் தூக்கிக்கொண்டு நின்றால் எந்த விமானியாலும் பறக்க முடியாது, அவர் எவ்வளவு கற்றிருந்தாலும் சரி. ஆகவே எளிதில் படும் ஆயுதம் விமானத்தை விரட்ட வேண்டும், குறிபார்த்து அடிக்கும் ஆயுதமே அதை வீழ்த்த வேண்டும். லாக் ஏவுகணை ஒன்று பட்டால் விமானம் சேதமடைந்து பின்வாங்கிப் பழுதுபார்க்கப் போகட்டும். தாழப் பறந்து நின்று சுடும் ஹெலிகாப்டரை ஒருவர் சாதாரண ராக்கெட்டால் குறிபார்த்து அடித்தால் அது அங்கேயே வெடிக்கட்டும். முதலாமவருக்கு நிம்மதி கிடைக்கிறது, இரண்டாமவருக்குப் பெருமை. விமானியும் தான் அசையாமல் நின்றதால் விழுந்தேன் என்று புரிந்துகொள்வார்.

ஆயுதத்தைத் தொடாமலே சமநிலை செய்யும் வழிகளும் உண்டு. 2007-ல் வந்த 'கால் ஆஃப் டியூட்டி 4', விமானத்தை ஆட்டக்காரர் கையில் கொடுக்கவே இல்லை. சாகாமல் தொடர்ந்து 3 பேரை வீழ்த்தினால் எதிரிகளைக் காட்டும் உளவு விமானம், 5 பேருக்கு விமானத் தாக்குதல், 7 பேருக்குத் தானே சுடும் ஹெலிகாப்டர். பறக்கத் தெரிய வேண்டியதில்லை என்பதால் எல்லோருக்கும் எட்டும். ஆனால் முன்னே போனவரையே அது மேலும் முன்னே தள்ளும். 'வார் தண்டர்' விளையாட்டின் தரைப்போர் மேட்சுகளில் விமானத்துக்கு ஒரு விலை இருக்கிறது: முதலில் டாங்கில் போய் இடம் பிடித்தோ எதிரியை வீழ்த்தியோ புள்ளி சேர்த்தால்தான் விமானத்தில் வர முடியும். குண்டு தீர்ந்தால் தளத்துக்குத் திரும்பி இறங்கி நிரப்ப வேண்டும். அந்தப் போய்வரும் நேரம் தரையில் இருப்பவர்கள் மூச்சுவிடும் நேரம். பப்ஜியின் மோட்டார் கிளைடர் இன்னும் எளிமையானது. இரண்டே இருக்கை, ஓட்டுபவரால் சுட முடியாது, பின்னால் இருப்பவர்தான் சுடலாம், எரிபொருள் தீரும். வலிமை இரண்டு பேருக்கும் பிரிந்துபோவதால் அங்கே கோபம் வரவே இடமில்லை.

இவை எல்லாவற்றையும்விட ஆழமாக வேலை செய்வது நிலம். விளையாட்டைப் பற்றிப் பேசுபவர்கள் ஏவுகணையின் சேத எண்ணைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள், மரத்தையும் மேட்டையும் மறந்துவிடுகிறார்கள். தென்காசி–குற்றாலம் நிலப்பரப்பையே ஒரு மேப்பாக எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். மென்பொருள் எழுதுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஸோஹோ நிறுவனம் 2011-ல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் தொடங்கியது, அதன் ஸோஹோ டெஸ்க் மென்பொருள் அங்கே உருவானது. எனவே அப்படி ஒரு மேப்பை இந்த ஊர்க்காரர் ஒருவரே என்றாவது செய்யக்கூடும்.

மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, அதன் அடியில் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம். அடர்ந்த காட்டுக்குள் நிற்கும் வீரர்களை ஹெலிகாப்டரால் பார்க்க முடியாது, செங்குத்துப் பாறைகளுக்கு அருகே ஜெட்டால் வளைய முடியாது. ஆகவே காலாட்படைக்கு உரிய இலக்குகளை அங்கே வைக்கலாம். நடுவே தென்காசி, மேலகரம், இலஞ்சி. ஊருக்குள் வீதிகள் மறைவு தரும், மொட்டை மாடிகள் ராக்கெட்காரருக்கு இடம் தரும். ஊரைச் சுற்றியுள்ள வயல்வெளிதான் ஆபத்தான இடம். அங்கே ஒரு இலக்கை வைத்து, அதற்குப் போகும் வழியில் வெறும் நாற்று மட்டும் இருந்தால், மேலே ஒரு ஹெலிகாப்டர் வந்ததும் ஆட்டம் முடிந்துவிடும். உயர்ந்த வரப்பு, வாய்க்கால், குளக்கரை, பம்புசெட் அறை, தென்னந்தோப்பு என்று ஓடி ஒதுங்க இடம் வைக்க வேண்டும். ஒரு மறைவிலிருந்து அடுத்த மறைவுக்கு ஓடும் நேரம், ஹெலிகாப்டர் திரும்பிவர எடுக்கும் நேரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். எண்களால் செய்யும் எந்தத் திருத்தத்தையும்விட இந்த ஒரு கணக்கு தரைவீரரைக் காப்பாற்றும்.

கிழக்கே பாவூர்ச்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் நிற்கும் சமவெளி. ஜெட்டுக்கு வேகமாகப் பாய இடம் கிடைக்கும், ஆனால் தாழ வந்தால் கோபுரமும் சுழலும் இறக்கையும் எமன். ஹெலிகாப்டருக்கோ அதே கோபுரம் ஏவுகணையிலிருந்து ஒளியும் மறைவு. வடமேற்கே செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவுக் கணவாய். மலையைக் கடக்கும் விமானம் தாழப் பறக்க விரும்பினால் அந்த வழியாகத்தான் வரும் என்று தரையில் இருப்பவருக்கு முன்பே தெரியும். அங்கே ஒரு விமான எதிர்ப்புத் துப்பாக்கி இருந்தால் போதும், விமானிக்கு ஒரு தேர்வு பிறக்கிறது: குறுக்கு வழியில் ஆபத்தோடு வருவதா, மேலே ஏறிச் சுற்றி வருவதா. தென்காசியில் விமான நிலையம் கிடையாது. அருகில் உள்ளவை தூத்துக்குடி, திருவனந்தபுரம், மதுரை. எனவே ஜெட்கள் மேப்பின் விளிம்பிலிருந்துதான் நுழையும். கிழக்கிலிருந்து வருபவருக்குச் சமவெளி முழுதும் கண்ணில் தெரியும், மேற்கிலிருந்து வருபவர் மலையைத் தாண்டும்வரை குருடர். இந்த ஏற்றத்தாழ்வை ஈடுகட்ட மேற்குத் தரப்பை மேப்பின் நடுவுக்குச் சற்று நெருக்கமாகத் தொடங்கவைக்க வேண்டியிருக்கும்.

சாரல் இங்கே மிகப் பெரிய வரம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று மேகத்தையும் தூறலையும் குற்றாலத்தின் மேல் இறக்குகிறது. மேப்பில் இந்த வானிலை இடையிடையே சில நிமிடங்கள் வந்து போனால், அந்த நேரத்தில் வானத்திலிருந்து தரை தெரியாது. நெருக்கடியில் இருக்கும் காலாட்படை இடம் மாற ஒரு வாய்ப்பு பிறக்கும். 2016-ல் வந்த 'பேட்டில்ஃபீல்டு 1' ஆட்டத்தின் நடுவே மூடுபனியும் மழையும் மாறிவரும் முறையைப் பயன்படுத்தியிருக்கிறது. யாருடைய ஆயுதத்தையும் குறைக்காமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நியாயம் செய்யும் கருவி அது. வானம் மூடப்போகிறது என்பது முன்கூட்டியே இரு தரப்புக்கும் தெரிய வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

எளிமைக்கு வருவோம். 'வார் தண்டர்' இதில் செய்த ஏற்பாடு தெளிவானது. கணினியில் ஆடுபவர் எந்தத் திசையில் போக விரும்புகிறாரோ அங்கே சுட்டியை வைத்தால் போதும். சிறகைச் சாய்ப்பது, மூக்கை இழுப்பது எல்லாவற்றையும் விளையாட்டின் உள்ளே இருக்கும் ஒரு நிரல் செய்கிறது. சைக்கிள் பழகும் பிள்ளையின் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும் கையைப்போல அது துணை நிற்கிறது. தேர்ந்தவர்களுக்கு அந்தத் துணை இல்லாத தனி ஆட்டமுறையும் இருக்கிறது. ஆர்கேட், ரியலிஸ்டிக், சிமுலேட்டர் என்று மூன்றாகப் பிரித்ததால் ஒருவர் வசதிக்காக மற்றவரின் ஆட்டம் வளைக்கப்படவில்லை. கற்கும் வரிசையும் முக்கியம். இந்திய விமானப்படை 2019 ஜூலை 31 அன்று வெளியிட்ட 'எ கட் அபவ்' கைபேசி விளையாட்டு முதலில் தனியாக ஆடும் ஆட்டமாகவே வந்தது, பலர் ஆடும் பகுதி பின்னர் வரும் என்று அறிவிக்கப்பட்டது. அதன் முன்னோட்டத்தில், அதே ஆண்டு பிப்ரவரியில் நாடே அறிந்த தமிழர் அபிநந்தன் வர்த்தமானின் மீசையைக் கொண்ட விமானி தோன்றினார். தனியாக ஓட்டிப் பழகிய பிறகு மற்றவரோடு மோதுவது என்ற அந்த வரிசையைப் பெரிய நிறுவனங்களும் பின்பற்றலாம்.

கைபேசியில் எளிமைக்கு இன்னொரு முகம் இருக்கிறது, அது பணத்தோடு தொடர்புடையது. விமானத்திலிருந்து பார்ப்பவருக்கு மிக நீண்ட தூரம் வரையப்பட வேண்டும். விலை குறைந்த கைபேசி அவ்வளவு தூரத்தை வரையத் திணறும், படம் விட்டுவிட்டு ஓடும். பப்ஜி போன்ற விளையாட்டுகளில் சுமையைக் குறைக்கத் தொலைவில் உள்ள புல்லை வரைவதில்லை. விளைவு, புல்லுக்குள் படுத்து மறைந்ததாக நினைக்கும் வீரர், மேலே பறப்பவரின் திரையில் வெறுந்தரையில் படுத்திருக்கிறார். ஆயிரக்கணக்கில் செலவழித்து நல்ல கைபேசி வாங்க முடியாத மாணவருக்கு இது இரட்டை அநியாயம்: அவரால் பறக்கவும் முடியாது, ஒளியவும் முடியாது. புல்லுக்குப் பதில் பாறை, மரம், கூரை போன்று எல்லாத் திரையிலும் கட்டாயம் வரையப்படும் பொருள்களை மறைவாக வைத்தால் இந்தக் குறை பெருமளவு தீரும்.

திரையைத் தொடாமல் கைபேசியைச் சாய்த்து ஓட்டும் கைரோ வசதி கட்டைவிரல் சிக்கலைத் தணிக்கிறது. கை விட்டதும் தானாக நேராகி நிற்கும் ஹெலிகாப்டர், விரல் நடுங்குபவர்களுக்கும் ஒரு கையால் ஆடுபவர்களுக்கும் பறக்கும் வாய்ப்பைத் தருகிறது. லாக் எச்சரிக்கை ஒலியாக மட்டும் இருந்தால் காது கேளாதவர் ஒவ்வொரு முறையும் விழுவார். அது திரையில் திசையோடு தெரிய வேண்டும், கையில் அதிர்வாகவும் உணரப்பட வேண்டும். நட்பு விமானத்தையும் எதிரி விமானத்தையும் சிவப்பு, பச்சை நிறங்களால் மட்டும் பிரித்துக்காட்டினால் நிறக்குருடு உள்ளவர் கூட்டாளியையே சுடுவார். வேறு வேறு வடிவக் குறிகள் வேண்டும். பறக்கக் கற்றுத்தரும் வாசகங்கள் தமிழில் இருந்தால் அதுவும் எளிமையின் ஒரு பகுதிதான். சாய்த்த பிறகு இழு என்ற மூன்று சொற்களைச் சொந்த மொழியில் படிப்பவர் அடுத்த மேட்சிலேயே திரும்பக் கற்றுக்கொள்வார். இந்த வசதிகள் எதுவும் தேர்ந்தவரின் கையிலிருந்து எதையும் பறிப்பதில்லை.

விளையாட்டு வெளியான பிறகும் வேலை முடிவதில்லை. 2021 நவம்பரில் ஒரு மேட்சில் 128 பேர் வரை ஆடும்படி வெளியான 'பேட்டில்ஃபீல்டு 2042'-ல் நைட்பேர்டு என்ற சிறு ஹெலிகாப்டரின் பீரங்கி தரையில் இருந்தவர்களைச் சூறையாடியது. வெளியான சில வாரங்களிலேயே அதன் சேதம் குறைக்கப்பட்டது. இத்தகைய திருத்தங்களைச் செய்யும்போது பார்க்க வேண்டியது சராசரியை அல்ல. முதல் முறை பறப்பவர்கள், சில மாதம் பழகியவர்கள், உச்சியில் இருப்பவர்கள் என மூன்று கூட்டங்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை பேரை வீழ்த்துகிறார்கள், எத்தனை நொடி உயிரோடு பறக்கிறார்கள், எதனால் விழுகிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் மலையில் மோதிச் செத்தால் குறை ஓட்டும் முறையில் இருக்கிறது. ஏவுகணையால் செத்தால் ஃபிளேரிலோ எச்சரிக்கையிலோ இருக்கிறது. உச்சியில் இருப்பவர்கள் ஒரு மேட்ச் முழுக்க விழாமலே பறந்தால், ஓட்டும் எளிமையைத் தொடாமல், ஃபிளேர் நிரம்பும் நேரத்தைச் சில நொடிகள் கூட்டுவது, குண்டு வெடிக்கும் வட்டத்தைச் சிறிதாக்குவது, நிரப்பப் போகும் தூரத்தை நீட்டுவது ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க வேண்டும். ஒரே நாளில் மூன்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்பது யாருக்கும் தெரியாது.